தடியைக் கண்டாலே ஒடுங்கும் சிப்பிப்பாறை: எங்கே தொடங்குவது?

கலை_விருதுநகர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு சிப்பிப்பாறை இனப் பெட்டை நாய் வந்து சேர்ந்திருக்கிறது. செவலை நிறம், அதனால் பெயரும் செவலை. பல்லைப் பார்த்து மூன்று வயது இருக்கலாம் என்றார்கள். முயல் வேட்டைக்கு வைத்திருந்தவர்கள் ஓட்டம் குறைந்ததும் சாத்தூர்ப் பக்கம் ஒரு கருவேலங்காட்டில் கம்பியால் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆடு மேய்க்கிறவர் சொல்லித்தான் தெரிந்தது. கழுத்தைச் சுற்றிக் கம்பி அறுத்த தழும்பு, முதுகில் கோடு கோடாகப் பழைய காயம்.

தட்டை வைத்துவிட்டு நாங்கள் அறையை விட்டு வெளியே போனால்தான் சாப்பிடுகிறது. கையை உயர்த்தினால், அது மின்விசிறி சுவிட்சுக்காக இருந்தாலும், வயிறு தரையில் பட ஒடுங்கிவிடுகிறது. பெரிய சிக்கல் என் மாமனாரின் கைத்தடி. அவர் ஒன்றும் செய்யவில்லை, பாவம். முழங்கால் தேய்மானம், தடி இல்லாமல் நடக்க முடியாது. தடி தரையில் டொக்கென்று பட்டாலே செவலை கட்டிலுக்கு அடியில் ஓடி அங்கேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. நான் விளக்குமாற்றை எடுத்தாலும் இதே கதைதான். நேற்று என் வீட்டுக்காரர் கட்டிலடியில் கைவிட்டு வெளியே இழுக்கப் பார்த்தார். உறுமியது. வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை இருப்பதால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது.

உட்கார், வா என்றெல்லாம் எப்போது சொல்லிக்கொடுப்பது? முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பழையபேட்டை

மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்த்த குடும்பம் எங்களுடையது. அதனால் சொல்கிறேன், இந்த நாய்க்கு ரொம்ப இடம் கொடுக்காதீர்கள் தங்கச்சி. பெல்ட் மாட்டி, செயினைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவர் தடியோடு பக்கத்தில் அரைமணி நேரம் உட்காரட்டும். தடியால் ஒன்றும் ஆகாது என்று அதுவே தெரிந்துகொள்ளும். உறுமினால் மூக்கில் லேசாக ஒரு தட்டு. யார் எஜமான் என்று தெரியாத நாய் வீட்டுக்கு ஆகாது.

மாட்டு_டாக்டர்

பழையபேட்டை அண்ணாச்சி இனத்தைப் பற்றிச் சொன்னால் நான் காது கொடுத்துக் கேட்பேன். ஆனால் இந்த வைத்தியம் வேண்டாம்.

ஓட வழியில்லாமல் பிடித்துவைத்து, பயப்படும் பொருளை முன்னால் காட்டினால், கொஞ்ச நேரத்தில் நாய் அசையாமல் கிடக்கும். பழகிவிட்டது என்று நாம் நினைப்போம். 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மையர் இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை எங்கள் படிப்பில் வரும். தப்பவே முடியாதபடி மின் அதிர்ச்சி வாங்கிய நாய்களைப் பிறகு சுலபமாகத் தாண்டி ஓடக்கூடிய பெட்டியில் விட்டபோதும், அவற்றில் பெரும்பாலானவை ஓடாமல் படுத்தே அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. செயினில் அடங்கிக் கிடக்கும் நாயும் பல நேரம் இந்த நிலையில்தான் இருக்கிறது. அதற்குப் பயம் போகவில்லை, முயற்சிதான் நின்றுவிட்டது.

உறுமலுக்கு அடிப்பதும் ஆபத்து. தள்ளிப் போ என்று சொல்ல அதற்கு இருக்கும் ஒரே நாகரிகமான வழி உறுமல். அதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் உறுமுகிற நாயைவிட உறுமாமல் கடிக்கிற நாய்தான் மோசம்.

கலை அம்மா, பழக்குவதற்கு முன்னால் ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். பயம் என்று நாம் நினைப்பதில் பாதி வலியாக இருக்கும். பழைய எலும்பு முறிவு கோணலாகச் சேர்ந்திருக்கலாம், காதில் புண் இருக்கலாம், பல் உடைந்திருக்கலாம். காட்டில் கிடந்த நாய் என்பதால் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தமும் பாருங்கள். உங்கள் பக்கத்தில் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான். யார் மேலாவது பல் பட்டுவிட்டால், கீறல்தான் என்றாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியமெல்லாம் வேண்டாம்.

சங்கரி_கோவை

கலை, ‘உட்கார்’ எங்கேயும் ஓடிவிடாது. முதல் சில வாரம் எதையுமே சொல்லிக்கொடுக்காதீர்கள். தெருவில் அடிபட்ட நாய்களை வீட்டில் தற்காலிகமாக வைத்துத் தேற்றி அனுப்புவது என் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கட்டிலடியை அதற்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள். பழைய சேலையை நாலாக மடித்து உள்ளே போடுங்கள், தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். அங்கே யாரும் கைவிடக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. குழந்தைக்கு இது சட்டம். ‘செவலை கட்டிலடியில் இருந்தால் அவள் தூங்குகிறாள்’ என்று சொல்லிவையுங்கள். குழந்தையும் நாயும் தனியாக ஒரு அறையில் இருக்க வேண்டாம், கொஞ்ச நேரம்கூட. சிறுநீர் கழித்தால் திட்டாமல், முகம் சுளிக்காமல் துடைத்துவிடுங்கள். அது பயத்தில் தானாக வருவது, திமிர் இல்லை.

நீங்கள் அறையில் இருக்கும்போது பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்காருங்கள். கண்ணோடு கண் பார்க்காதீர்கள். கூப்பிடாதீர்கள். செய்தித்தாள் படியுங்கள், கீரை ஆயுங்கள். அவ்வப்போது ஒரு துண்டு அவித்த ஈரலை அது இருக்கும் பக்கம் உருட்டிவிடுங்கள். உங்கள் பக்கம் வரவழைக்க வேண்டாம். அதற்குப் பின்னால் போய் விழுகிற மாதிரி போட்டால் இன்னும் நல்லது. இது பலருக்கு விநோதமாகப் படும். ஈரலைக் கையில் வைத்து ‘வா வா’ என்று இழுத்தால், பசியில் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்துவிடும், வந்தபின் திடீரென்று நாம் பக்கத்தில் இருப்பதை உணர்ந்து மிரளும். கடி விழுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். விலகிப் போகவும் சாப்பாடு கிடைக்கும் என்று தெரிந்தால், தானாகத் திரும்பி வரும்.

இப்போது தடி. இதில் வரிசைதான் எல்லாமே. தடி முதலில் தெரிய வேண்டும், ஈரல் அதற்குப் பின்னால் வர வேண்டும். பலர் மாற்றிச் செய்கிறார்கள். ஈரலைக் காட்டி நாயை அமர்த்திவிட்டு, பிறகு தடியை எடுக்கிறார்கள். இரண்டு மூன்று தடவையில் நாய் கணக்குப் போட்டுவிடும்: ஈரல் வந்தால் அடுத்து தடி வரும். அப்புறம் ஈரலைப் பார்த்தாலே கட்டிலடிதான்.

வேறொரு தடியை வாங்கிக்கொள்ளுங்கள், மாமாவின் தடி வேண்டாம். அதைக் கூடத்தின் மறுகோடியில் தரையில் படுக்கப்போடுங்கள். செவலை கதவோரம் வந்து அதைப் பார்க்கட்டும். பார்த்ததும் இந்தப் பக்கம் ஈரல் விழட்டும். தடியை எடுத்து மறைத்ததும் ஈரலும் நின்றுவிட வேண்டும். இவ்வளவுதான் பாடம், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தடியைக் கண்டதும் அது உங்கள் கையைத் திரும்பிப் பார்க்கிறது பாருங்கள், அந்த நாளில்தான் அடுத்த படி. தடி சுவரில் சாய்ந்து நிற்கும். பிறகு உட்கார்ந்திருக்கும் ஒருவர் மடியில் இருக்கும். பிறகு அவர் கையில் அசையும். நின்றுகொண்டு பிடிப்பது, நடப்பது எல்லாம் அதற்கும் பின்னால். சத்தத்தைத் தனியாகப் பழக்குங்கள்: அடுத்த அறையில் துணி விரித்த தரையில் தடியைத் தட்டினால் சத்தம் மெதுவாகக் கேட்கும். உருவமும் சத்தமும் தனித்தனியாகத் தேறிய பிறகு சேர்க்கலாம்.

ஈரலை எடுக்காமல் விட்டால் நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள் என்று பொருள். கொட்டாவி, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, ஒரு முன்காலைத் தூக்கிவைத்து நிற்பது இதெல்லாம் உறுமலுக்கு ரொம்ப முன்னாலேயே வரும். அப்போதே தூரத்தைக் கூட்டுங்கள்.

பழக்காத நேரத்தில் மாமா நடக்கும்போது செவலை வேறு அறையில் கதவு சாத்தி இருக்கட்டும். காலையில் ஒரு தடவை ஈரல் கொடுத்துவிட்டு நாள் முழுக்க டொக் டொக் சத்தத்தில் மிரளவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண். சூடு கண்ட பூனையை அடுப்பங்கரைக்குத் திரும்ப வரவைக்க வேண்டுமானால் அடுப்பு அணைந்திருக்க வேண்டுமே.

கேள்விக்குறி

யாரையும் புண்படுத்த இல்லை, ஒரு சந்தேகம். தடியைக் கண்டு பயந்தால் தடியால் அடித்திருக்கிறார்கள் என்று எல்லோரும் உடனே முடிவுகட்டிவிடுகிறோம். குட்டியில் எதையும் பார்க்காமல் வளர்ந்த நாயும் இப்படித்தான் இருக்கும். குட்டிக்குச் சுமார் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை உள்ள காலம் முக்கியமானது என்பதை அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் குழுவினர் பல ஆண்டு ஆராய்ந்தார்கள். 1965-இல் புத்தகமாகவும் வந்தது. பதினான்கு வாரம் வரை மனிதர்களோடு பழகாமல் வேலிக்குள் வளர்ந்த குட்டிகள், ஒரு அடிகூட வாங்காமலே காட்டு விலங்கு போல மனிதரைக் கண்டு மிரண்டன. தோட்டத்தில் அடைத்தே வளர்க்கப்பட்ட வேட்டை நாய்க்கு விளக்குமாறு, மிக்ஸி, குக்கர் விசில் எல்லாமே பூதம்தான்.

சங்கரி_கோவை

நியாயமான கேள்வி. செவலைக்கு முதுகில் தழும்பு இருக்கிறது, எனவே அடி உண்டு. ஆனால் எல்லாப் பயமும் அடியால் வந்தது இல்லை என்பது சரி. செய்யவேண்டிய வேலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. எதிர்பார்ப்பில்தான் வித்தியாசம். நல்லபடியாக வளர்ந்து, நடுவில் அடிபட்ட நாய் பழைய நிலைக்குத் திரும்பிவரும். குட்டியிலேயே எதையும் பார்க்காத நாய்க்குத் திரும்பிவர ‘பழைய நிலை’ என்று ஒன்று கிடையாது, எல்லாமே புதிதாகக் கட்ட வேண்டும்.

நாய்க்கு நாய் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் சென்னைப் புறநகரில் மொட்டைமாடியிலிருந்து தூக்கி வீசப்பட்ட பத்ரா என்ற நாயை நினைவிருக்கும். எலும்பு முறிந்து கிடந்த நிலையிலும், தேடிப் போனவர்களைக் கண்டு வாலாட்டியதாகத்தான் செய்தி வந்தது. அதே வதையில் இன்னொரு நாய் ஆயுசு முழுக்க மனித வாடையே வேண்டாம் என்று இருந்திருக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஹூஸ்டன்_பாலா

இங்கே இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் மைக்கேல் விக் வழக்கைச் சொல்வார்கள். அமெரிக்கன் ஃபுட்பால் வீரர். 2007-இல் வர்ஜீனியாவில் அவருடைய பண்ணையில் நாய்ச்சண்டைக்கு வைத்திருந்த ஏறக்குறைய ஐம்பது பிட்புல்களைப் பிடித்தார்கள். அதுவரை வழக்கம், இப்படிப் பிடிபட்ட நாய்களைக் கொன்றுவிடுவது. இந்த வழக்கில் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்து, பெரும்பாலானவற்றை மீட்பு அமைப்புகளிடம் கொடுத்தார்கள். யூட்டாவில் உள்ள பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் சரணாலயத்துக்கு மட்டும் 22 போயின. கடித்துக் குதறும் என்று ஊரே எதிர்பார்த்தது. போய்ப் பார்த்தால் பலவற்றுக்குப் பிரச்சினை பயம், தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. பல நாய்கள் வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளோடு வாழ்ந்தன. கடைசிவரை சரணாலயத்திலேயே இருந்தவையும் உண்டு.

நான் இங்கே காப்பகத்தில் வார இறுதியில் உதவிக்குப் போகிறேன். அடிப்பது, செயினைச் சுண்டுவது, ஷாக் பட்டை எதுவுமே அங்கே அனுமதி இல்லை. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், கோபக்கார நாய் உட்பட எல்லா நாய்க்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையே வேண்டும் என்று சொல்லிவிட்டது.

பழையபேட்டை

அமெரிக்கா என்ன சொன்னால் எனக்கென்ன. ஆனால் டாக்டர் சொன்ன அந்தச் சோதனை மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிப்பிப்பாறைக்குத் தலை ஒல்லி, கழுத்து தடிமன். சாதாரண பெல்ட் மாட்டினால் மிரண்டு பின்னால் ஒரு இழு இழுக்கும், பெல்ட் உங்கள் கையில் இருக்கும், நாய் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். அதன் வேகத்துக்கு பைக்கில் போனாலும் பிடிக்க முடியாது. விருதுநகரில் நாலுவழிச் சாலை வேறு பக்கம். முதல் மாதம் வெளியே கூட்டிப் போகவே வேண்டாம், கொல்லைப்புறம் போதும். சுற்றுச்சுவர் இடுப்புயரம் என்றால் அதைச் சுவர் என்றே கணக்கில் எடுக்காதீர்கள்.

மாட்டு_டாக்டர்

அண்ணாச்சி சொன்னது இந்த இழையிலேயே ரொம்ப முக்கியமான குறிப்பு. தப்பி ஓடித் தொலைவதுதான் மீட்ட நாய்களுக்கு அடிக்கடி நடப்பது. இழுத்தால் கழுத்தை நெரிக்காத அளவுக்குக் கொஞ்சம் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை ஒன்று, அதோடு வயிற்றின் பின்பகுதியிலும் ஒரு வார் வரும் ஹார்னஸ் (நெஞ்சையும் உடம்பையும் சுற்றி மாட்டும் பட்டை) ஒன்று. இரண்டிலும் தனித்தனி கயிறு. கழுத்தில் தழும்பு இருப்பதால் இழுவிசை ஹார்னஸில்தான் விழ வேண்டும், பட்டை காப்புக்கு மட்டும். மாட்டுவதையும் ஈரல் கொடுத்தே பழக்குங்கள். அவசரம் இல்லை.

கலை_விருதுநகர்

எல்லோருக்கும் நன்றி. இராமையன்பட்டி போய் வந்தோம். இடது பின்காலில் பழைய முறிவு, கோணலாகச் சேர்ந்திருக்கிறது. ஓட்டம் ஏன் குறைந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. வலி மாத்திரையும் காய்ச்சல் மருந்தும் தொடங்கிய பிறகு முகமே மாறிவிட்டது. தடுப்பூசி போட்டாயிற்று.

தடி விஷயத்தில் எதிர்பாராத திருப்பம். இந்த இழையை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து ஈரல் டப்பா அவர் பொறுப்பு. நாற்காலியில் சாய்ந்து, பக்கத்தில் அந்தப் புதுத் தடியைத் தரையில் போட்டுக்கொண்டு, தினத்தந்தியை விரித்து வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்து உருட்டிவிடுகிறார். எங்கள் யாரிடமும் வராத செவலை அவர் நாற்காலியிலிருந்து இரண்டு கை தூரத்தில் வந்து படுக்கிறது. தடி நின்றால் இன்னும் ஆகாது. போன வாரம் தடியைச் சாய்த்துவைத்த அன்று காது மடங்கியது, உதட்டை நக்கியது, ஈரலைத் தொடவில்லை. உடனே திரும்பத் தரையிலேயே போட்டுவிட்டோம்.

மாமாவுக்குச் சொந்தமாக ஒரு யோசனை: தடியின் நுனியில் ரப்பர் பூண் மாட்டிவிட்டார். இப்போது டொக் சத்தம் பாதிக்குமேல் இல்லை. எங்களுக்கு யாருக்கும் தோன்றவில்லை!

இரண்டு கேள்வி. ஒன்று, மாமியார் ‘பயந்து நடுங்கும்போது தடவிக்கொடுத்தால் பயம் கூடும், கண்டுகொள்ளாதே’ என்கிறார். சரியா? இன்னொன்று, தீபாவளி வருகிறது. சிவகாசி பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள், சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம், கட்டிப்போட்டவர்கள் மேல் புகார் கொடுக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

சங்கரி_கோவை

அந்த ரப்பர் பூணுக்காக மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தடவிக்கொடுப்பதால் பயம் அதிகமாகாது. பயம் ஒரு செயல் இல்லையே, பரிசு கொடுத்தால் திரும்பச் செய்வதற்கு. செவலையாக வந்து ஒட்டினால் தாராளமாகத் தடவுங்கள், தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் நெஞ்சுப் பக்கம். மூன்று தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். திரும்ப மூக்கால் முட்டினால் தொடரலாம், தள்ளிப் போனால் விட்டுவிடலாம். ஒளிந்திருக்கும் நாயைத் தேடிப்போய் அணைப்பதுதான் தவறு.

மாட்டு_டாக்டர்

தீபாவளிக்கு இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள், முந்தின நாள் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். நம் ஊரில் ஏசிபி எனப்படும் அசிப்ரோமசின் மாத்திரையைக் கொடுத்துப் படுக்கவைக்கும் வழக்கம் இருக்கிறது. அது மட்டும் வேண்டாம். உடம்பைக் கட்டிப்போடுமே தவிரப் பயத்தைக் குறைக்காது. எழ முடியாமல், எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு கிடக்கும். பயத்தையே குறைக்கும் மருந்துகள் வேறு இருக்கின்றன. பார்த்தவர்தான் எழுத வேண்டும், அளவை இங்கே சொல்ல மாட்டேன். சத்தத்துக்கு மட்டுமின்றி எல்லாவற்றுக்கும் நடுங்கும் நிலை நீடித்தால் ஃப்ளூயாக்ஸெட்டின் போன்றதைத் தினமும் கொடுப்பது உண்டு. அது வேலை காட்டவே நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பழக்குதலும் கூடவே நடந்தால்தான் பலன்.

அன்றைக்கு நடு அறை, ஜன்னல்களுக்குக் கனத்த திரை, ஓடும் மின்விசிறி, சத்தமாகத் தொலைக்காட்சி. மாலையில் பட்டாசு தொடங்குமுன்பே வெளியே விட்டு உள்ளே அழைத்துவிடுங்கள். கொல்லைக் கதவுக்குப் பூட்டு.

கேள்விக்குறி

புகார் பற்றி: விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11-இன்படி முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். டீ வடைச் செலவு! விலங்கை ஊனமாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325-இல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, ஆனால் காலை ஒடித்தது யார் என்று நிரூபிக்க வேண்டும். முயல் வேட்டை 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் வனத்துறையிடம் சொல்வது கொஞ்சம் பல்லுள்ள வழி. ஆள் யாரென்று தெரியாமல் எதுவும் நகராது.

கலை_விருதுநகர்

ஆள் தெரியவில்லை. ஆடு மேய்க்கிறவரைச் சாட்சிக்கு இழுக்கவும் மனமில்லை, அவர் அதே காட்டில் தினமும் போய்வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் மறு பரிசோதனை. டாக்டர் வாய்க்கூடு பழக்கி அழைத்து வரச் சொன்னார். இங்கே கடையில் கிடைப்பது லேப்ரடார் அளவு, செவலையின் மூக்குக்குத் தொளதொளவென்று இருக்கிறது. ‘உட்கார்’ இப்போதாவது தொடங்கலாமா?

சங்கரி_கோவை

பின்கால் முறிந்த நாயை, அதுவும் இந்த ஒல்லி இனத்தை, உட்காரச் சொல்லாதீர்கள். வலிக்கும். அதற்குப் பதில் உள்ளங்கையை மூக்கால் தொடச் சொல்லிக்கொடுங்கள். கையைத் தாழ்வாகப் பக்கவாட்டில் நீட்டி வையுங்கள், தானாக முகர்ந்ததும் ‘சபாஷ்’ சொல்லி ஈரலைத் தரையில் போடுங்கள். அதுவே நாளடைவில் ‘வா’வாகவும் ஆகும்.

வாய்க்கூட்டைத் துணியில் வாங்காதீர்கள், அதில் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியாது, நம் வெயிலுக்கு ஆகாது. கிரேஹவுண்டுக்குச் செய்யும் நீள மூக்குக் கூடை வகை வலைத்தளத்தில் கிடைக்கும். கண்ணுக்குக் கீழே ஒரு விரல் விட்டு மூக்கு நுனி வரை நீளம், வாய் மூடியிருக்கும்போது மூக்கின் சுற்றளவு, கழுத்துச் சுற்றளவு மூன்றையும் தையல் டேப்பால் எடுங்கள். டேப்பைக் கண்டு மிரண்டால் அவள் தூங்கும்போது முயலாதீர்கள், முதலில் டேப்பைத் தரையில் போட்டு ஈரல். சுற்றளவோடு இரண்டு விரல் கூட்டி வாங்குங்கள். வந்ததும் மாட்டாதீர்கள், உள்ளே ஈரலை வைத்து அவளே மூக்கை விட்டு எடுத்துச் சாப்பிடட்டும். வாரைப் பூட்டுவது கடைசியில்தான். அளவை இங்கே போடுங்கள், எந்த எண் சரியாக வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.